கவாத்து: ஒரு சொல்லின் நடை

கால் கடுக்க நிற்பதற்கும், நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பதற்கும், நூறு பேர் ஒரே ஆளைப்போலத் திரும்புவதற்கும் சேர்த்துத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் கவாத்து. இந்தச் சொல்லின் அரபு வேருக்கோ 'உட்காருதல்' என்று பொருள். அசையாமல் உட்கார்ந்திருப்பது எதுவோ அது அடித்தளம். அதற்குக் 'காயிதா' என்று பெயர். கட்டடத்துக்கு அடித்தளம் என்றால், நடத்தைக்கு அடித்தளம் விதி. ஆகவே காயிதா என்பது விதியும் ஆயிற்று. அதன் பன்மைதான் 'கவாயித்', விதிகள். அரபியில் இலக்கண விதிகளை இன்றும் கவாயித் என்றே சொல்கிறார்கள். மதரசாவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் கையில் இருக்கும் முதல் நூலும் காயிதாதான்.

காயிதே மில்லத் என்ற பெயரோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. அங்கே வருவது 'காயித்', தலைவர். முன்னின்று நடத்துதல் என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து பிறந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அரபியிலிருந்து பாரசீகம், பாரசீகத்திலிருந்து உருது என்று இறங்கிய கவாயித், தெற்கே வரவர உடல் மெலிந்தது. மராத்தியில் கவாயத். கன்னடத்தில் கவாயத்து. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் தமிழுக்கும் வரும்போது நடுவிலிருந்த யகரமும் உதிர்ந்து கவாத்து. ஆர்க்காட்டு நவாபின் அரசில் பாரசீகமும் தக்கனி உருதும் புழங்கிய காலம். தஞ்சை அரண்மனையில் மராத்தி எழுதப்பட்ட காலம். சிப்பாய், சுபேதார், ஜமேதார், ஹவில்தார் எல்லாம் வந்த வழியேதான் இதுவும் வந்தது.

ஏன் வர வேண்டும்? போர்ப் பயிற்சிக்குத் தமிழில் சொல்லா இல்லை? குதிரையை ஓட்டிப் பழக்கும் வெளிக்குச் செண்டுவெளி என்று பெயர் இருந்தது. சிலம்பக்கூடம் இருந்தது, களரி இருந்தது. ஆனால் அங்கெல்லாம் கற்றுத் தந்தது தனி ஒருவனின் திறமை. ஒருவன் வாள் வீச்சில் கெட்டிக்காரன், இன்னொருவன் வேல் எறிவதில் சூரன். கவாத்து கேட்டது வேறு. யாரும் யாரையும் மிஞ்சக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மட்டுமே செய்ய வேண்டும். இந்த மண்ணுக்கு அது புதிய சங்கதி. புதிய சங்கதி தன் பெயரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அது பிறந்த காரணம் துப்பாக்கி. பழைய துப்பாக்கியில் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடித்து, குறி பார்த்துச் சுடுவதற்குள் எதிரியின் குதிரைப்படை மேலே வந்துவிடும். நன்றாகப் பழகியவனே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிது. குறியும் சரியாகப் படாது. தனியாள் சுடுவதால் பயனில்லை. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட வேண்டும். ஒரு வரிசை சுடும்போது மற்றொரு வரிசை மருந்து இடிக்க வேண்டும். பக்கத்து ஆள் சாய்ந்து விழுந்தாலும் கை நிற்கக் கூடாது. இதைச் சிந்தித்துச் செய்ய முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும். 1607இல் ஹாலந்தில் ஜேக்கப் டி ஹெய்ன் வெளியிட்ட பயிற்சி நூலில், கனத்த துப்பாக்கியைக் கையாளும் முறையைக் காட்ட மட்டும் 43 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படமும் ஒரு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆணை. ஒரே செயலை இப்படித் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் கவாத்தின் உயிர்.

இதன் பலனை உலகம் பார்த்த இடங்களில் ஒன்று நம் அடையாற்றங்கரை. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள்மேல் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மஃபூஸ் கான் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். எதிரே பாரடி என்ற தளபதியின்கீழ் சில நூறு பிரெஞ்சுக்காரர்களும், அவர்களிடம் பழகிய எழுநூறு சிப்பாய்களும். அந்தச் சிறு படை ஆற்றைக் கடந்து, வரிசை கலையாமல் சுட்டுக்கொண்டே முன்னேறியது. பத்தாயிரம் பேர் என்று சொல்லப்பட்ட நவாபின் படை சிதறி ஓடியது. வீரம் எந்தப் பக்கமும் குறையவில்லை. ஒரு பக்கத்தில் கவாத்து இருந்தது. 1748இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஆங்கிலக் கம்பெனிக்கும் அதே பாடத்தைக் கற்றுத் தந்தார். சில ஆண்டுகளில் சென்னைச் சிப்பாய்களைக் கொண்டு முறையான பட்டாளங்கள் அமைந்தன.

1792இல் பிரிட்டிஷ் ராணுவம் டேவிட் டண்டாஸ் தொகுத்த கவாத்து நூலை எல்லாக் காலாட்படைகளுக்கும் பொதுவாக்கியது. அந்த நூலின் நீண்ட தலைப்பு 'விதிகளும் ஒழுங்குமுறைகளும்' என்றே தொடங்குகிறது. சாதாரண நடை நிமிடத்துக்கு 75 எட்டு, ஓர் எட்டுக்கு 30 அங்குலம் என்று அளந்து வைத்தது. ஆங்கிலேயனும் விதிப் புத்தகத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு கவாத்து நடத்தினான். விதிகள் என்ற அரபுச் சொல் இந்தியாவில் படைப்பயிற்சிக்குப் பெயராக நின்றது பொருத்தத்திலும் பொருத்தம்.

விதி மைதானத்தோடு நின்றிருந்தால் சரி. அது முகத்துக்கு வந்தபோது வேலூர் வெடித்தது. தளபதி ஜான் கிராடக் காலத்தில் வந்த புதிய ஒழுங்குமுறை, கவாத்துக்கு வரும் சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றது. தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர மனம் புண்பட்டது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. குடும்பத்தோடு இருந்த சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் இரவைக் கழிப்பவர்கள். முந்திய இரவு அவர்களில் பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே படுத்திருந்தார்கள். காரணம், மறுநாள் விடியுமுன் கவாத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்ற உத்தரவு. கிளர்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததும் கவாத்துதான். கிராடக்கும் ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்த விதிகள் விலக்கப்பட்டன. கவாத்து மட்டும் நிற்கவில்லை.

பின்னால் தோட்டாவைப் பின்புறம் போடும் துப்பாக்கி வந்தது, இயந்திரத் துப்பாக்கி வந்தது. நிமிர்ந்து வரிசையாக நிற்பவன் பிணமாவான் என்ற நிலை வந்தது. போர்க்களத்தில் கவாத்துக்கு வேலை போயிற்று. ஆனால் பட்டாளத்தின் நாட்களில் பெரும்பகுதி போர் இல்லாத நாட்கள். அந்த நாட்கள் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இது. போருக்கான பயிற்சியாகச் சுருங்கியிருந்த சொல், அமைதிக் காலத்தில் தன் பழைய பொருளுக்கே, விதி என்ற பொருளுக்கே, திரும்பிப் போனது. எழுவது, மழிப்பது, தின்பது, கும்பிடுவது எல்லாம் கவாத்தாயின.

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் வாயில் கவாத்து இப்போது பரேடு ஆகிவிட்டது. காலையில் பி.டி. பரேடு. மாலையில் கேம்ஸ் பரேடு. காய்ச்சல் வந்தால் சிக் பரேடு, அதற்கும் வரிசைதான். சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்த நாட்களில் பே பரேடு. சாமி கும்பிடப் போனால் மந்திர் பரேடு. சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். அங்கும் தட்டோடு வரிசை. இரவு ரோல்காலில் பெயர் கூப்பிட்டுக் குரல் கேட்டால்தான் அந்த நாள் முடிந்ததாகக் கணக்கு.

நேரத்தைப் பற்றிய வேடிக்கை எல்லாப் பட்டாளத்திலும் ஒன்றுதான். பெரிய அதிகாரி காலை ஏழு மணிக்கு வருகிறார். கர்னல், ஆறே முக்காலுக்கு எல்லோரும் தயார் என்கிறார். மேஜர் தன் பங்குக்குக் கால் மணி குறைக்கிறார். சுபேதார் சாகிப் இன்னொரு அரை மணி. ஹவில்தார் எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் ஒரு மணி. ஜவான் நட்சத்திரம் மங்காத இருட்டில் பளபளத்த பூட்சோடு நிற்கிறான். ஏழு மணிக்கு வர வேண்டியவர் எட்டரைக்கு வருகிறார், வரிசையின் முன் ஒரு நடை நடக்கிறார், போகிறார். இதைச் சொல்லும்போது எந்த முன்னாள் ராணுவத்தாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

பெரியவர் வருகிறார் என்றால் சுண்ணாம்பும் காவியும் வாளி வாளியாக வரும். பாதையோரக் கல்லுக்கு வெள்ளை, மரத்தின் அடிக்குக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக. மண்ணெல்லாம் விளக்குமாற்றுக் கோடு. பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் பிராசோவை ஒரு துணியால் தடவி, காயவிட்டு, இன்னொரு துணியால் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். நாளைக்கு அது மறுபடி மங்கும், மறுபடி தேய்க்க வேண்டும். 'அசைந்தால் சல்யூட் அடி, அசையாவிட்டால் சுண்ணாம்பு அடி' என்பது பட்டாளத்தில் வாழ்ந்தவனுக்கு வெறும் நகைச்சுவையாகப் படாது. நாள் ஓட அதுவே துணை.

ஆணைச் சொற்கள் விடுதலைக்குப் பின் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாறின. சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பீச்சே முட். ஆட்களை உயரப்படி நிறுத்த, நெட்டையன் வலப்பக்கம் குட்டையன் இடப்பக்கம் என்று ஓர் ஆணை. இந்தி ஒரு சொல்லும் அறியாமல் வெலிங்டனுக்கு, மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையத்துக்கு, போய்ச் சேரும் தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் பழகுவது பொருள் அல்ல, ஓசை. 'முட்' என்ற ஒலி காதில் விழுந்ததும் குதிகால் திரும்ப வேண்டும். 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படை இந்தச் சொற்களைக் கல்லூரி மைதானங்களுக்கும் கொண்டு வந்தது. அங்கே எந்த அணியிலும் ஒருவன் இருப்பான்: இடக்காலோடு இடக்கையும், வலக்காலோடு வலக்கையும் சேர்ந்தே வரும். வீதியில் அவன் சரியாகத்தான் நடப்பான். நடக்கச் சொல்லி 'தேஸ் சல்' என்றதும் கைகால் மாறிப்போகும். பயிற்சி தரும் உஸ்தாத் அவனைத் தனியே இழுத்து மைதானத்தின் ஓரத்தில் நடக்கவிட, மற்றவர்கள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். நடப்பது என்பதையே பிறகு யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது எவ்வளவு கடினம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

அந்த ஆணைகளில் 'கதம் தால்' என்று ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே நடப்பது. கதம் என்றால் எட்டு. தால் நம் தாளம்தான். முழங்கால் மேலே வர வேண்டும், பூட்ஸ் தரையில் ஒரே சத்தமாக விழ வேண்டும், உடம்பு ஓர் அங்குலம் முன்னே போகக் கூடாது. அமைதிக் காலப் படைவீரன் ஆண்டுக்கணக்கில் செய்வது பெரும்பாலும் இதுதான். எதற்காகத் தயாராகிறானோ அது வராமலே இருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் விரும்புகிறோம். அந்த அலுப்பை நமக்காக அவன் சுமக்கிறான். எனக்கு அந்த அலுப்பின்மேல் மரியாதை உண்டு.

கவாத்தோடு அதன் உறவுச் சொற்களும் ஊருக்குள் வந்தன. காவல் நிற்பது 'பாரா'. மூன்று மணி நேரம் கொண்ட ஒரு பொழுதைக் குறித்த வடசொல் 'பிரஹர', இந்தியில் 'பஹரா'வாகி, நம்மிடம் பாரா ஆனது. பாராக்காரன் எழுப்பிய எச்சரிக்கைக் குரல் 'ஹோஷியார்', நமக்கு உஷார். எனக்கு மிகப் பிடித்தது 'ஹுக்கும்தார்'. யார் அங்கே வருவது என்று பாரா நிற்கும் சிப்பாய் இருட்டில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். 'ஹூ கம்ஸ் தேர்' என்று கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஹுக்கும் என்றால் உத்தரவு. ஹவில்தார், சுபேதார், ஜமேதார் எல்லாம் 'தார்' என்றே முடிகின்றன. சிப்பாயின் காதில் அந்த ஆங்கிலம் 'உத்தரவு உடையவர்' என்று இந்துஸ்தானியாகவே விழுந்தது. தனக்குப் புரியாத ஆணைக்குத் தனக்குப் புரிந்த பொருளைக் கொடுத்து, ராத்திரி முழுக்க அதையே கூவிக்கொண்டு நின்றான்.

இன்று கவாத்து என்ற சொல் போலீஸ்காரர்களிடம் இருக்கிறது. ஆயுதப்படை மைதானங்களில் வாராந்தரக் கவாத்து நடந்ததைச் செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் அதை அதிகம் சொல்பவர்கள் இப்போது விவசாயிகள். மா, முருங்கை, திராட்சை, மல்பெரி, தேயிலை எதுவானாலும் கிளை கழிப்பதற்குக் கவாத்து என்றே பெயர். இலங்கை மலையகத் தோட்டங்களில் கவ்வாத்து. ஒழுங்குக்குள் கொண்டுவருதல் என்ற பொருள்தான் இங்கும் ஓடுகிறது என்பது என் எண்ணம். வெலிங்டனைச் சுற்றியுள்ள சரிவுகளில், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, தேயிலைச் செடிகளை ஒரே மட்டத்துக்கு வெட்டுகிறார்கள். வெட்டியபின் பார்த்தால் கிளைகள் மொட்டையாக, ஒன்றையொன்று மிஞ்சாமல், வரிசை வரிசையாக நிற்கும். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக ஓங்கிவிடும். பறிக்கிற கைக்கு இலை எட்டாது. வெட்டிய செடி மறுபடி துளிர்த்துக் கொழுந்து பறிக்கச் சில மாதங்கள் பிடிக்கும்.