டம்ளரும் டிரிப்ஸும்

வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்றுதான். பதிலுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டினால் முகம் வாடிவிடும். ஊசி வழியே ஏறுவது வைத்தியம், டம்ளரில் கொடுப்பது வெறும் சமாளிப்பு என்ற எண்ணம் சமவெளியிலும் உண்டு, சேர்வராயன் மலையிலும் உண்டு. டம்ளரையும் டிரிப்ஸையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

முதலில் கலவை. பேதியில் போவது தண்ணீர் மட்டுமல்ல. சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் சேர்ந்தே போகின்றன. ஆகவே 'குளுக்கோஸ்' என்று நாம் சொன்னாலும், கடும் நீரிழப்புக்கு மருத்துவர்கள் ஏற்றுவது உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட். ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் இருக்கின்றன. இதில் குளுக்கோஸ் தெம்புக்காகச் சேர்த்ததல்ல. பேதியின்போதும் குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக நுழையும் வழி பெரும்பாலும் கெடுவதில்லை. அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே போகும். சர்க்கரை மிஞ்சினால் நடப்பது தலைகீழ்: உடம்பின் நீரைக் குடல் இழுத்துக்கொண்டு பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போட்டுக்கொள்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்ததன் பின்னணியிலும் இந்த ஆபத்து இருந்தது.

அடுத்து அளவு. ஒரு வயது கடந்த, 10 கிலோ எடையுள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கண் குழிந்து, தாகத்தோடு சிணுங்கினால் அது மிதமான நீரிழப்பு: 4 மணி நேரத்தில் 750 மி.லி. ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். அதே பிள்ளை குடிக்கவும் தெம்பின்றி மயங்கிக் கிடந்தால் 1 லிட்டர் ரிங்கர் லாக்டேட்: முதல் அரை மணியில் 300 மி.லி., மீதி இரண்டரை மணியில். இந்த வேகம் டம்ளருக்கு வராது. ஆனால் வறண்ட பிஞ்சுக் கையில் நரம்பு கிடைப்பது கடினம்; ஊசி குத்திய இடம் வீங்கலாம், கிருமி தொற்றலாம்; ஓட்டத்தைக் கவனிக்க நர்ஸ் அருகிலேயே வேண்டும். டம்ளருக்குத் தாய் போதும்.

பலன் எப்படி? 1971 வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. பின்னாளில் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாய்வழி நீர் கொடுத்த 25 குழந்தைகளில் சுமார் ஒருவருக்கே டிரிப்ஸ் தேவைப்பட்டது.

மலையில் இந்தக் கணக்கோடு தூரமும் சேர்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர், மாரமங்கலம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஏற்காடு வந்து சேர்வதே தனிப் பயணம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டது. மயங்கிய பிள்ளைக்கு இருக்கும் இடத்திலேயே டிரிப்ஸ் போட முடியாவிட்டால், அரை மணி நேரத்துக்குள் வேறு ஆஸ்பத்திரியை அடைய முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. முடியாதென்றால், பயிற்சி பெற்றவர் மூக்குக்குழாய் வழியே கிலோவுக்கு மணிக்கு 20 மி.லி. ஓ.ஆர்.எஸ். செலுத்தலாம். டம்ளருக்கும் டிரிப்ஸுக்கும் இடையிலுள்ள இந்த மூன்றாவது வழி, மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு அருகிலிருக்கும் சிறு சுகாதார நிலையங்களுக்கு மிகவும் வேண்டியது.

ஆக, எது உயர்ந்தது என்பதைவிட எது முதலில் என்பதே கேள்வி. முதல் பேதியிலேயே வீட்டில் ஓ.ஆர்.எஸ். தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாட்டிலே தேவைப்படாது. தேவைப்படும் பிள்ளையும், வழியெல்லாம் குடித்துக்கொண்டு வந்தால், வறண்டுபோகாமல் ஆஸ்பத்திரி சேரும். டிரிப்ஸ் ஓடும்போதே, குடிக்க முடிந்தவுடன் வாய்வழியாகவும் கொடுக்கத் தொடங்குவார்கள். தாய்ப்பாலும் சோறும் நிற்கக் கூடாது. 6 மாதம் கடந்த பிள்ளைக்கு 14 நாள் தினம் 20 மி.கி. துத்தநாகம் உண்டு. மலையூர் வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் எப்போதும் இருக்கட்டும். ரத்தப்பேதி, நிற்காத வாந்தி, குடிக்க முடியாத சோர்வு, சிறுநீர் இறங்காமை இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும், டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டே.