பாண்டி மணல் எங்கே போச்சு?

நார்வேயின் ஃபியோர்டு படங்களைப் பார்த்திருப்பீர்கள். பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உண்டானவை. சோக்னெ ஃபியோர்டு 1300 மீட்டர் ஆழம். கப்பல் மலைகளுக்கு நடுவிலேயே வந்து நிற்கும்.

நம்ம பாண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திறந்த கடல், நேர்கோடாய் மணல். ஒதுங்க இருந்தது தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகம்தான். அந்த ஆற்றங்கரை அரிக்கமேட்டில்தான் 1945-இல் மார்ட்டிமர் வீலர் ரோமானியப் பானையோடுகளைத் தோண்டி எடுத்தார். பிரெஞ்சுக்காரர் வந்தபோதோ பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கு படகில் கரையேறியது.

1980களின் கடைசியில் அதே ஆற்று முகத்தில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினோம். வந்தது வினை! நம் கரையோரம் அலை தள்ளும் மணல், வருடக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. கற்சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர் முன்னால் கடல் அரித்தது. அப்பா சிறுவயதில் ஓடி விளையாடிய மணல் இருந்த இடத்தில் நான் பார்த்து வளர்ந்தது கருங்கல் குவியலைத்தான்.

2018-இல் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. சந்தோஷம்தான். ஆனால் கல்லை வடக்கே நீட்ட நீட்ட அரிப்பும் வடக்கே போனது. எல்லை தாண்டி பொம்மையார்பாளையம் மீனவர்களின் வீடுகளையும் கடல் தொட்டுவிட்டது.