கல்லின் சாட்சியும் குருதியின் சாட்சியும்

பேகம் பஜாரில் முப்பத்தைந்து வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணக் குடும்பம். கடை சாத்தியபின் கல்வெட்டு நூல்களைப் புரட்டுவது என் பழக்கம். இம்முறை மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, கல்லை விட்டுக் குருதியைப் பற்றி எழுதத் தோன்றியது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கொள்ளப்படுபவை. அங்கே சமண முனிவர்க்கு அறம் செய்தோருள் வெள்ளறை வணிகக் குழுவினரும் உண்டு. ஆனால் அக்காலத்து மக்கள் எங்கே பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்பதைக் கல் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை நம் ஹைதராபாத்திலேயே தேடப்பட்டது.

ஹப்சிகுடா வழியாகப் போகிறவர்கள் சி.சி.எம்.பி. கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977ல் தொடங்கிய உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் அது. அங்கிருந்த லால்ஜி சிங், நம் தமிழர் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் குழுவினருடன் சேர்ந்து, 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, 2009ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இன்றைய இந்தியர் பெரும்பாலோர் இரு பழங்குலங்களின் கலப்பு என்பது அவர்கள் முடிவு. விகிதந்தான் மாறுகிறது, கலப்பில்லாதவர் என்று மார்தட்ட நம் நாட்டில் ஏறக்குறைய யாருக்குமே இடமில்லை.

2013ல் 73 சமூகங்களை ஆராய்ந்து காலமும் கணித்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை கலப்பு தாராளமாக நடந்தது. பிறகு அவரவர் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கலாயினர். மாங்குளத்துக் கல்வெட்டுகளும் அந்தத் திருப்பத்தை ஒட்டிய காலத்தவை என்பது என்னை யோசிக்க வைத்தது.

கதவு சாத்தியதன் விளைவு என்ன? எங்கள் பஜாரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆந்திர வைசியர் லட்சக்கணக்கானோர். ஆயினும் இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவர்கள் என்று மரபணு காட்டுகிறது. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சில நிமிஷத்தில் கரைக்கும் நொதி, இவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. மற்றவர்களைவிட நூறு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு அந்த மருந்து கொடுத்தால் மணிக்கணக்கில் தானாக மூச்சுவிட முடியாது. பக்கத்துக் கடை சேட்டிடம் இதைச் சொன்னேன். "மா இன்ட்லோ கூடா ஒருத்தருக்கு ஆச்சு சார், ஆபரேஷன் ஆகியும் ராத்திரி வரைக்கும் மெஷின்லதான் இருந்தார்" என்றார்.

இது ஒரு சமூகத்தின் கதை மட்டுமன்று. 2017ல் வெளியான ஆய்வில், பார்த்த 263 சமூகங்களில் 81ல் இத்தகைய மரபு நெருக்கம் பின்லாந்தினர், ஐரோப்பிய யூதர் ஆகியோரைவிட மிகுதி. அத்தை மகன், மாமன் மகளை விட்டுத் தூரத்து வரன் பார்த்தாலும், கூட்டம் ஒன்றானால் அவரும் ஒருவகையில் உறவினரே.

இனி என் காரணம். நான் மாமன் மகளைக் கட்டியவன். "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று என் பேத்தியை அவள் அத்தை மகனுக்கே கேட்கிறார்கள், நானும் தலையாட்டியிருந்தேன். இவற்றைப் படித்தபின், "ரெண்டு பேரும் முதலில் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கட்டும், அதுவரை தாம்பூலம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வருத்தந்தான். மகள் ஒரு வாரம் போனில் பேசவில்லை.

அமெரிக்க யூதர்கள் 1980களிலிருந்தே நிச்சயத்துக்குமுன் பரிசோதித்து, பெயரை வெளியிடாமல் எண்ணைக் கொண்டே பொருத்தம் பார்க்கிறார்கள். குழந்தைகளைக் கொல்லும் ஒரு கொடிய நோய் அவர்களிடையே அநேகமாக ஒழிந்தேவிட்டது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் பதினொன்றாவதாக இதையும் பார்த்தால் குலப்பெருமை குறைந்துவிடாது. குலம் தழைக்கத்தானே பொருத்தமே பார்க்கிறோம்.