காகிதத்துக்காகப் பிறந்த குளிர்

காத்திவாக்கத்தில் மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாம்பலின் சரித்திரமே சொல்வார்கள். 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால், 1990-களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் நிலக்கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் ஏ.சி. வாங்குவது குளிருக்காக மட்டுமில்லை, ஜன்னலை மூடிவைக்கவும்தான். 'அதான் உள்ளே ஃபில்டர் இருக்கே' என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

அங்கேதான் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள 1902-க்குப் போகவேண்டும். நியூயார்க், புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, கலர் மேல் கலர் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயர் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். நவீன ஏ.சி.க்குப் பிள்ளையார் சுழி அதுதான். மனுஷனுக்காக அல்ல, காகிதத்துக்காக!

நம் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யின் வலையும் அந்த வம்சம்தான். அது காவல் காப்பது உள்ளே இருக்கும் கூலிங் காயிலை. முடி, நூல், பெரிய தூசு அதில் நிற்கும். 2.5 மைக்ரானுக்கும் சின்னதான புகைத்துகள் ஹாயாகக் கடந்துவிடும்.

நுரையீரலுக்கான ஃபில்டரின் கதை வேறு. 1940-களில் அமெரிக்கா அணுகுண்டு தயாரித்தபோது, கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவானதுதான் 'ஹெபா' ஃபில்டரின் மூதாதை. இன்றைய ஹெபா 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவிகிதத்தை நிறுத்தும். சரி, அதை வாங்கி ஏ.சி.யில் செருகிவிடலாமா? கூடாது. அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் வழியே காற்றை இழுக்க ஏ.சி. விசிறிக்குத் தெம்பு கிடையாது. காற்று குறைந்து காயிலில் ஐஸ் பிடித்துக்கொள்ளும். தனியாக ஏர் பியூரிஃபையர் வைப்பதே வழி. ஏ.சி. வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி மாட்டினால் போதும்.

தூசுக்கு இது சரி. வாயுவுக்கு?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஹெபாவால் வாயுவைத் தடுக்க முடியாது. நாற்றத்துக்கென்று விற்கும் சாதாரணக் கரி ஃபில்டரும் அமோனியாவைச் சரியாகப் பிடிக்காது.

ஃபில்டர் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால், புகைபோக்கியிலும் குழாயிலும் செய்யவேண்டிய வேலையைப் படுக்கையறையில் செய்துமுடிக்க முடியாது. பியூரிஃபையர் வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டுக் குழந்தையும் இதே காற்றைத்தானே சுவாசிக்கிறது?