வேணும்: சாந்தோமிலிருந்து ஒரு கப்பல், 1545

சாந்தோமின் சரித்திரம் என்று நமக்குச் சொல்லப்படுவது வந்து சேர்ந்தவர்களின் சரித்திரம். அப்போஸ்தலர் தோமா வந்தார் என்பது ஐதிகம். மார்க்கோ போலோ கல்லறையைப் பற்றி எழுதிவைத்தார். போர்த்துக்கீசியர் வந்து 1523இல் அந்தக் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் மீது யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை. 1545 ஆகஸ்டுக் கடைசியில் இந்தக் கரையிலிருந்து மலாக்காவுக்குப் போன சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்) கூட இங்கே நான்கு மாதம் தங்கினார் என்பதற்காகத்தான் நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்க் கரையில் கற்றுக்கொண்ட ஒரு முறையை, அதன் பிழைகளோடு சேர்த்து, இன்னொரு மொழிக்குள் கொண்டுபோன பயணம் அது.

போர்த்துக்கீசியர் மேற்குக் கரையின் மழைக்காலத்தைக் குளிர்காலம் என்றே எழுதினார்கள். மே கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை கோவாவிலும் கொச்சியிலும் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடக்கும். கப்பல்காரன் வீட்டில் முடங்குவான். அவர்களுடைய ஊரில் அது குளிர்காலத்து வழக்கம். ஆகவே சொல்லையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். சவேரியாரின் சாந்தோம் மாதங்கள் இந்தக் கணக்குப்படி குளிர்காலம். நம்முடைய கணக்குப்படி கத்திரி வெயிலும் அதன் மிச்சமும். மயிலாப்பூர்க் கடற்கரை மணலில் மே மாதம் நடந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் விபரீதம் புரியும்.

அவர் சாந்தோமுக்கு வர உத்தேசித்தவரே அல்ல. மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி 1544இல் கொல்வித்திருந்தான். அதற்குப் பதிலடியாக ஒரு படையெடுப்பு நடக்கும் என்று சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். நடக்கவில்லை. பெகுவிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தட்டிவிட, சரக்கு அரசன் கையில் சிக்கியது. சரக்கு திரும்பக் கிடைக்கும் வரை சண்டை வேண்டாம் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். 600 உயிர் ஒரு தட்டில், துணிமணியும் சாமானும் இன்னொரு தட்டில். ஏப்ரல் 7ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவர் கோபமில்லாமல், ஒரு கணக்கப்பிள்ளையின் தொனியில் தெரிவிக்கிறார். ஒரு பெரிய நம்பிக்கை அவருக்குள் அப்போது முறிந்திருக்க வேண்டும் என்றுதான் நான் அந்தத் தொனியை வாசிக்கிறேன். படையெடுப்பு இன்னொரு கொலையாகத்தான் முடிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

தெற்கே திரும்பக் காற்று விடவில்லை. வடக்கே வந்தார். சாந்தோமில் பங்குக்குரு கஸ்பார் கோயெல்யோவின் வீட்டில் தங்கி, இரவுகளில் தோமாவின் கல்லறைக்குப் போய் ஜெபித்தார். அங்கே பேய்கள் அவரை அடித்த கதை பிரசித்தம். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஊர் அப்போது விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டது. கோவாவின் கை அங்கே முழுசாக எட்டாது. சேவகத்தை விட்ட சிப்பாய்களும் சொந்தத்தில் வியாபாரம் செய்தவர்களும் வந்து குடியேறிய இடம். இந்தக் கரையின் துணி மலாக்காவுக்குப் போகும். அங்கிருந்து வாசனைச் சரக்கு வரும். தென்மேற்குக் காற்று முடியுமுன் புறப்பட்டு, வடகிழக்குக் காற்றில் திரும்ப வேண்டும். சபையின் பயணத்துக்கும் செட்டியின் பயணத்துக்கும் அட்டவணை ஒன்றே.

மலாக்காவுக்கும் அப்பால் மக்காசாரில் சில சிற்றரசர்கள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அங்கே போவது என்று தீர்மானித்து மே 8ஆம் தேதி சாந்தோமிலிருந்து கோவாவுக்கு எழுதினார். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் முஸ்லிம்களின் கப்பலோ மற்றவர்களின் கப்பலோ போதும்; எதுவுமே இல்லாமல் ஒரு கட்டுமரம் மட்டும் இந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் அதில் ஏறத் தயார் என்கிறார். கட்டுமரம் என்ற சொல்லை அப்படியே எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் எழுத்தில் அந்தச் சொல் தென்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. பக்தர்கள் இந்த வரியில் விசுவாசத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் படுவது, சாந்தோம் மணலில் நின்று தினமும் கட்டுமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதன்.

சித்திரங்களில் சவேரியார் எப்போதும் தனியாகவே நிற்கிறார். உண்மையில் ஒரு சின்னக் கோஷ்டி இருந்தது. ஜுவாவ் த எய்ரோ என்ற வியாபாரி, சொந்தக் கப்பல் வைத்திருந்தவன், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்து இவரோடு வருவதாகச் சொன்னான். பிறகு மனசு மாறி, ரகசியமாக ஒரு படகு வாங்கி ஓடிப்போகப் பார்த்தான். சவேரியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார், திரும்பி வந்தான். எய்ரோவை எனக்குப் பிடித்திருக்கிறது. வைராக்கியம், பின்வாங்கல், வெட்கம் என்று ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஆளிடம் இருக்கிறது. அவர் பின்னால் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஷூர்ஹாமர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1955க்கும் 1973க்கும் இடையில் வெளியிட்ட நான்கு பெரிய புத்தகங்களில் எய்ரோவுக்கும் இடம் கிடைத்தது. மாலுமிகளும் வேலைக்காரப் பையன்களும் பெயரில்லாமலே கரையேறிவிட்டார்கள்.

மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டால், அதிகம் இல்லை. முக்கியமான சாமான் மனப்பாடமாக இருந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பேச்சு மலபார், என் தாய்ப்பேச்சு பாஸ்க், ஒருவருக்கொருவர் புரியவில்லை என்று 1544இல் ரோமுக்கு எழுதுகிறார். (அன்றைய ஐரோப்பியர் தமிழையும் மலபார் என்றார்கள்.) இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் உட்கார்ந்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவாங்கி நெட்டுருப் போட்டார். கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தவருக்கும் சொற்கள் சத்தமாகத்தான் தெரியும்.

சில வருஷம் கழித்து ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் வந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்துக்குச் சொந்தக்காரர். பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்தது. கரை நெடுக ஆயிரக்கணக்கான பரதவர் கடவுளை நம்புவதாக நினைத்துக்கொண்டு கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது? என் ஊகம் ஒன்று உண்டு. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். நம்புகிறேன் என்பதற்குப் போர்த்துக்கீசியத்தில் ‘க்ரேயோ’, விரும்புகிறேன் என்பதற்கு ‘கேரோ’. துறைமுகத்தில் பேரம் பேசிப் பேசி மொழி கற்றவனுக்கு இரண்டாவது சொல் தினசரிப் பழக்கம்; முதல் சொல்லுக்கு அவனிடம் உபயோகமே இருந்திராது. தூத்துக்குடியில் அன்று மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் பண்டிதர்கள் அல்லர். காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லில் போட்டார்கள்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ‘வேணும்’தான் நல்ல மொழிபெயர்ப்பு, விசுவாசம் என்ற வடமொழிச் சொல்லில் இல்லாத தாகம் அதில் இருக்கிறது என்று பரவசப்பட்டார். கவிதைக்கு அது சரியாக வரலாம். நான் ஒப்பவில்லை. ஒரு மனிதன் வாயில் அவன் சொல்ல நினைக்காததைப் போட்டுவிட்டு, பின்னால் அதில் அழகு காண்பது நம் போன்றவர்களின் சௌகரியம். ஹென்ரிக்கஸ் திருத்தியது நியாயம். அவர் உட்கார்ந்து இலக்கணம் கற்றதால் கேட்கிறவனுக்குக் கொடுத்த மரியாதை, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியதில் இல்லை. ஆனால் சவேரியாரும் இதை உணராதவர் அல்லர். மொழி தெரியாமல் இருப்பது பெரிய தொல்லை என்று அவரே எழுதுகிறார், மலாக்காவிலிருந்து.

செப்டம்பர் கடைசியில் மலாக்கா. அங்கே தமிழ் வியாபாரிகள் போர்த்துக்கீசியர் 1511இல் நகரைப் பிடிப்பதற்கு முன்பே காலூன்றியவர்கள். மலாய்க்காரர் அவர்களைக் கிளிங் என்றார்கள். மக்காசாரைப் பற்றிய செய்திக்காக மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார். சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் செய்ததையே திரும்பச் செய்தார்: இரண்டு மொழி தெரிந்தவர்களைப் பிடித்து, அதே பிரமாணத்தையும் கட்டளைகளையும் மலாயில் எழுதிவாங்கி, மறுபடி நெட்டுரு. தமிழ்க் கரையில் உருவான இந்த முறையைத்தான் சாந்தோம் கப்பல் ஏற்றிப்போனது. மலாயை எழுத அரபி எழுத்து, அதைக் கற்பிக்கிறவர்கள் முஸ்லிம் ஆசிரியர்கள் என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறார். எழுத்து அந்தப் பக்கம் இருக்க, இவர் கையில் இருந்தது குரல் மட்டும்.

டிசம்பரில் வந்த செய்தி எதிர்பார்த்தபடி நன்றாக இல்லை. மக்காசார் கைவிடப்பட்டது. சாந்தோமில் தியானித்து எடுத்த தீர்மானம், கட்டுமரத்திலாவது போவேன் என்ற பிடிவாதம், எல்லாம் மலாக்காத் துறைமுகத்துக்கு வந்த ஒரு செய்தியில் திசை மாறியது. 1546 ஜனவரி 1ஆம் தேதி அம்போன் தீவுக்குக் கப்பலேறினார். பிப்ரவரி 14 அன்று போய்ச் சேர்ந்தார். கிறிஸ்தவர்கள் இருந்த ஏழு கிராமங்கள். மலாயில் மனப்பாடம் செய்ததை அங்கே சொன்னார். அந்த மலாயில் எத்தனை ‘வேணும்’ இருந்ததோ.

அந்த மே மாதம் அம்போனிலிருந்து ஐரோப்பாவில் உள்ள சகாக்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து, அவரவர் கையால் எழுதிய பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்து, தன் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் உடம்போடு வைத்திருக்கிறாராம்.