தாராவிக்கு எந்தத் தலைப்பு?

தாராவியைப் பற்றிய ஆய்வேடு ஒன்றைப் பல்கலைக்கழகம் கணினிக் களஞ்சியத்தில் சேர்க்கிறது. அதற்குச் 'சேரி' என்னும் ஒரே தலைப்பை இட்டுவிட்டால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அங்கே தோல் பதனிட்ட நம்மவர் வரலாற்றைத் தேடுவோர் கண்ணில் அது படுமா?

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் இதற்கு வழி கண்டவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுக் கருவியே அவருக்குக் கருத்தை அளித்ததாம்! சில துண்டுகளைப் பூட்டிப் பல உருவம் சமைப்பதுபோல், நூற்பொருளின் கூறுகளைக் கோத்து அவர் வகுத்த கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளியாயிற்று. அவ்வழியே நோக்கினால் தோல், பதனிடுதல், குடிபெயர்வு, தாராவி ஆகிய ஒவ்வொன்றும் அந்த ஏட்டுக்கு ஒரு வாயில்.

சொற்பட்டியல் வகுப்போர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. 1995-இல் மும்பை எனப் பெயர் மாறிய நகரை இன்றும் பம்பாய் என்றே தேடுவோர் பலர். 'பம்பாய்: மும்பை காண்க' என்ற குறிப்பையும் அவர்கள் எழுதி வைத்தல் வேண்டும்.