இடக்கரடக்கல்

கடையில் இருந்த பையன் விலை, கம்பெனி, வாரண்டி எல்லாவற்றையும் என் கணவரைப் பார்த்தே சொன்னான். சீட் தானா மெதுவா மூடிக்கும் சார், டேங்க் சுவத்துக்குள்ள போயிரும் சார், வெளிய பட்டன் மட்டும்தான் சார் தெரியும். உள்விளிம்பு இல்லாத ஒரு கோப்பைக்குப் பக்கத்தில் வந்ததும் முதல்முறையாக என் பக்கம் திரும்பினான்.

"இது கழுவறதுக்கு ரொம்ப ஈஸி மேடம்."

மதுரையில் நாங்கள் இருக்கும் வீடு 1987இல் என் மாமனார் கட்டியது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறி, குழாய்கள் துருப்பிடித்து, ஒரு வழியாக இடித்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. தரையோடு பதித்திருந்த ஒரிசா பேன் இருந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. சுவரில் தொங்கும் வெஸ்டர்ன் வேண்டுமென்றார் கணவர். கல்லூரிக்குப் போகவிருக்கும் மகளுக்கும் அதுதான் விருப்பம். அத்தைக்கு இந்தியன்தான். "நாலு பேரு உக்காந்த எடத்துல நான் எப்பிடிம்மா உக்காருவேன்?" என்றார். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பிளம்பர் தம்பி நடுவராக இருந்து, ஆங்கிலோ இந்தியன் போட்டுரலாம்க்கா என்றார். உட்காரவும் செய்யலாம், இரு பக்கமும் பாதம் பதிக்கும் இடத்தில் ஏறிக் குந்தவும் செய்யலாம். அந்த உயரத்தில் அத்தையை ஏற்றிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நல்ல வேடிக்கைதான். மனித உடம்பு உட்காரும் விதத்துக்குக் கடவுச்சீட்டு கொடுத்து வைத்திருக்கிறோம்.

இளங்கலை மாணவியருக்கு நன்னூல் நடத்தும்போது இடக்கரடக்கல் வரும். நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வருதல்' என்பதுதான் வழக்கமான எடுத்துக்காட்டு. அதைச் சொன்னதும் வகுப்பு முழுக்கத் தலை குனிந்து சிரிக்கும். ஊருக்கு ஊர் எத்தனை சொற்கள்! வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல். கவனித்தால் எல்லாமே வீட்டைவிட்டுப் போவதைப் பற்றியவை. அது வீட்டுக்குள் வந்தபோது நம்மிடம் சொல் இல்லை போலும். 17ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர்களின் 'காக்ஹவுஸ்' நமக்குக் கக்கூஸ் ஆயிற்று. பிறகு அந்தச் சொல்லும் நாறத் தொடங்கிவிட்டது. இப்போது பாத்ரூம், டாய்லெட், ரெஸ்ட் ரூம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கடையிலிருந்து வந்த இரவு, இந்தக் கோப்பையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். எல்லாம் ஆண்களின் பெயர். 1596இல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பானைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஹாரிங்டன், முதலாம் எலிசபெத் அரசியின் ஞானப்பிள்ளை. அரசிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் காப்புரிமை வாங்கினார். கோப்பைக்குக் கீழே குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி செய்தார். அந்த நீர்தான் கீழிருந்து நாற்றம் மேலேறாமல் தடுக்கிறது. எங்கள் பிளம்பர் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான்: "எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பாக்கா?" கழிவுக்குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பொருள். எங்கள் வீட்டில் தரைக்குள் இறங்குகிறது. சுவரில் தொங்கும் கோப்பை வேண்டுமானால் குழாயையே மாற்ற வேண்டும். கணவரின் ஆசை பாதி அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் பொதுக் கழிப்பறைகள் அமைத்தார். ஒரு பென்னி கட்டணம். 8,27,280 பேர் பயன்படுத்தியதாகக் கணக்கு. இது எல்லா நூல்களிலும் இருக்கிறது. அதே லண்டனில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெண்களுக்குத் தெருவில் ஒதுங்க இடமில்லாமல் இருந்தது சில நூல்களில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பை தீர்மானித்தது. 1900 வாக்கில் கேம்டன் பகுதியில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டும் பேச்சு எழுந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். இடம் போக்குவரத்துக்கு இடைஞ்சலா என்று பார்க்க மரத்தில் ஒரு மாதிரிக் கூடு செய்து தெருவில் வைத்தால், வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே வந்து அதில் மோதினார்கள். அப்போது அந்த உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா பெண்கள் பக்கம் நின்றார். 1909இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, பெண்களுக்கு வாக்குரிமை ஏன் வேண்டும் என்பதற்கு வெளியில் சொல்ல முடியாத இந்தக் காரணத்தைத்தான் முன்வைக்கிறது. அவைகளில் பெண்கள் இல்லாவிட்டால் இதை யார் எழுந்து பேசுவது?

காப்புரிமைகளின் வரலாற்றுக்கு அடியில் சட்டிகளின் வரலாறு ஒன்று ஓடுகிறது. அதில் எனக்குத் தெரிந்த மிகக் கசப்பான பக்கம் 1898இல், டர்பனில் நடந்தது. வழக்கறிஞராக இருந்த காந்தியின் வீட்டில் அவரது எழுத்தர்களும் தங்குவார்கள். அவர்களில் குஜராத்திகளும் தமிழர்களும் உண்டு. மேற்கத்திய பாணி வீடு, அறைகளில் கழிவுநீர் போக வழி கிடையாது. அறைக்கொரு சட்டி. அதைத் தூக்க வேலையாள் வைக்கக் கூடாது என்பது காந்தியின் முடிவு. பழகிய எழுத்தர்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவினார்கள். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவருடைய சட்டியைத் தொடக் கஸ்தூரிபாவுக்கு மனமில்லை. கணவர் தொடுவதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே தூக்கிப் படியிறங்கினார். கணவருக்கு அது போதவில்லை, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டுமாம். கத்தினார், கையைப் பற்றி வாசல்வரை இழுத்துப்போய்க் கதவைத் திறந்து வெளியே தள்ளப் பார்த்தார். இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், எங்கே போவேன் என்று அவள் கேட்ட பிறகுதான் வெட்கினார். தன் வரலாற்றில் இதை எழுதியவர் அவரேதான்.

வகுப்பில் இதைச் சொன்னால் மாணவியர் உடனே கஸ்தூரிபா பக்கம் சேர்ந்துவிடுவார்கள். என்னால் அவ்வளவு எளிதாகச் சேர முடிவதில்லை. இழுபட்ட கை அவளுடையதுதான். அந்தக் கை எந்தச் சட்டியைக் கண்டு கூசியது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டில் நடந்த சண்டை அந்த எழுத்தரின் அறைவரை கேட்டிருக்குமா? மறுநாள் காலை அவர் எந்த முகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நானும் எழுதி வைத்ததில்லை. என் அம்மாச்சி வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. வீட்டின் பின்சந்தில், முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு. அடுப்புச் சாம்பலை ஒரு டின்னில் சேர்த்து வைப்பார் அம்மாச்சி. விடிந்ததும் சந்து வழியாக ஒரு பெண் வருவார். தகரக் கதவைத் தூக்கி, சாம்பலைத் தூவி, வழித்து வாளியில் போட்டுக்கொண்டு போவார். தீபாவளிக்கு மறுநாள் பலகாரத்துக்கு வந்து நின்றால், அம்மாச்சி திண்ணையிலிருந்தபடி அவர் முந்தானையில் மேலிருந்து போடுவார். கை படக் கூடாது. ஆறேழு வயதில் நான் கேட்டேன், அந்த அக்கா பேரு என்ன அம்மாச்சி?

"அவளுக்கு எதுக்குடி பேரு?"

நான் மறுபடி கேட்கவில்லை. 1980களின் கடைசியில் அந்த வீட்டில் செப்டிக் டேங்க் கட்டினார்கள். அதன் பிறகு அவர் வரவில்லை, எங்கே போனார் என்று வீட்டில் யாரும் விசாரிக்கவுமில்லை. உலர்கழிப்பிடம் கட்டுவதையும் மனிதரை வைத்து மலம் அள்ளுவதையும் தடை செய்த முதல் சட்டம் 1993இல் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் பாடத்தில் அது வரவில்லை.

இந்தப் படிப்பெல்லாம் ஒருபுறம் இருக்க, கோப்பையைத் தீர்மானித்தது என் மகள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. "அம்மா, அப்பத்தா சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல, கவனிச்சியா?" நான் கவனிக்கவில்லை. ஒரே ஆண்டில் மூன்றுமுறை அத்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அத்தையும் தலையாட்டினார். இரவில் குந்தி எழ முடியாமல், சுவரைப் பிடித்து, ஒருநாள் வாளியைப் பிடித்து எழுந்திருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது? இரண்டாண்டாகத் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார், அடுத்த அறையில். நான் கல்லூரியில் மாணவியரைப் பார்த்து, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை, சும்மா சொல்லுங்க என்றேன். வெகுநேரம் கழித்து, "அடக்கிப் பழகுன ஒடம்புதானேம்மா" என்றார். கல்யாணமாகி வந்த வீட்டில் கழிப்பிடமே கிடையாதாம். விடியுமுன் ஒன்று, இருட்டிய பின் ஒன்று. நிலாக் காலத்தில் இருட்டுவதற்கு நேரமாகும் என்றார், இன்னும் அதே எரிச்சலோடு.

மறுநாள் அளவு நாடாவோடு மறுபடி கடைக்குப் போனேன், தனியாக. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரா 1966இல் குளியலறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடம்பை அளந்து பார்க்காமலேயே குளியலறைச் சாமான்களைச் செய்து வைத்திருக்கிறோம் என்பது அவர் வாதம். அவர் குந்துவதற்குப் பரிந்துதான் பேசினார், அத்தைக்குத் தெரிந்தால் மகிழ்வார். ஆனால் தேய்ந்த முழங்காலுக்குத் தாழ்வான கோப்பை ஆகாது, உயரமானதில் நாலடி பத்தங்குலப் பெண்ணின் கால் தரையில் படாது. பையனை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லி, 16 அங்குலத்தில் தரையில் நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். காலுக்கு வைத்துக்கொள்ள வீட்டில் பழைய மணை இருக்கிறது. பக்கச்சுவரில் எழுந்திருக்கப் பிடிக்க எஃகுக் கம்பி. டேங்கில் இரண்டு பட்டன், சின்னதற்கு மூன்று லிட்டர், பெரியதற்கு ஆறு. உள்விளிம்பு இல்லாததுதான் வாங்கினேன். பில் போடும்போது பையனிடம், இதைக் கழுவ ஈஸின்னு நாளைக்கு சாரும் வருவாரு, அவருகிட்டயும் சொல்லுப்பா என்றேன். சிரித்தான். சொன்னானா என்று தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முறை இப்போது கணவருடையது.

இன்னொரு சண்டை பாக்கி இருந்தது. பின்பக்கத் தளத்தில் செப்டிக் டேங்க் மூடியின் மேலும் டைல்ஸை ஒட்டி மூடிவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார் மேஸ்திரி. நிரம்பினால்? அதுக்கு பத்து வருசம் ஆகும்க்கா, அப்ப ஒடச்சுக்கலாம். உடைத்து, கழிவு இறுகிப்போய் லாரிக் குழாயால் உறிஞ்ச முடியாமல், உள்ளே இறங்க ஓர் ஆளைத் தேடும் நாள் என் கண்ணில் வந்தது. அப்படி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் முப்பது லட்சமாக்கியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை.

மூடியைச் சுற்றி டைல்ஸை வெட்டி ஒட்டச் சொன்னேன், இரண்டு இரும்பு வளையத்தோடு. மேஸ்திரிக்கு மனமே இல்லை. வேலை முடிந்து பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. மேல ஒரு பூந்தொட்டி வெச்சு மறைச்சிருங்க என்கிறார்கள். இன்னும் வைக்கவில்லை.